கர்ணன் சாவதற்குள் மணி அடித்துவிட்டார்கள்

இந்தத் தை மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் தெருக்கூத்து வைத்தோம், நன்றாக நடந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால், மூன்று வருடத்துக்கு முன்பு வைத்த கூத்து எப்படிச் சொதப்பியது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்சமும் அந்தச் சொதப்பலில் கற்றதுதான்.

நாங்கள் நான்கு பேர். எல்லோரும் பழைய தென்னாற்காட்டுக்காரர்கள், அதாவது 1993-ல் மாவட்டத்தைக் கடலூர், விழுப்புரம் என்று பிரிப்பதற்கு முன்பே பள்ளிக்கூடம் போனவர்கள். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் கோணிப்பையை விரித்துப் படுத்துக்கொண்டு, தூங்கியது பாதி பார்த்தது பாதி என்று விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்கள். எங்கள் பிள்ளைகளுக்கோ கூத்து என்றால் சினிமாப் பாட்டுக்கு நடுவில் பத்து விநாடி வந்துபோகிற கலர் துணி. சரி, கோயிலுக்குப் பிள்ளைகள் வராவிட்டால் பள்ளிக்கூடத்துக்குக் கூத்து போகட்டும் என்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு டீக்கடைப் பேச்சில் முடிவானது. ஆளுக்கு ஐயாயிரம் போட்டோம்.

பெரிய பள்ளி, பெரிய மைதானம், பெயர் வேண்டாம். அவர்கள் சம்மதித்ததே எங்களுக்குப் பெரிய விஷயமாக இருந்ததால் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினோம். நாற்பது நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், சரி. நடுவில் பிளாஸ்டிக் ஒழிப்பு பற்றி நாலு வார்த்தை வர வேண்டும், சரி. சிறப்பு விருந்தினர் பேசுவார், சரி. அவர் நாற்பதில் பதினைந்து நிமிடத்தை எடுத்துக்கொண்டார். காலை பதினொரு மணி வெயிலில் தொள்ளாயிரம் பிள்ளைகளை வரிசை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள், பத்தாவது வரிசைக்குப் பின்னால் இருந்தவர்களுக்குத் தெரிந்தது கிரீடத்தின் நுனி மட்டும்தான். முகவீணை என்கிற சின்ன ஊதுகுழலை மைக்கில் விட்டு, அது புனல் ஸ்பீக்கரில் வந்து, முன்வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

கதை கர்ணமோட்சம். ஜமா என்கிற கூத்துக் குழுவை நடத்துகிற வாத்தியாருக்கு அது கைவந்த கதை. போருக்குக் கிளம்புகிற கர்ணனை அவன் மனைவி பொன்னுருவி வாசலில் வழிமறிக்கும்போதே மணி நெருங்கிவிட்டது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் பாவம், ஒப்புக்கொண்டபடி குருட்சேத்திரத்தில் பிளாஸ்டிக் பை போடக்கூடாது என்று சொல்லிப் பார்த்தார், யாரும் சிரிக்கவில்லை. கர்ணன் தேர்ச்சக்கரம் இறங்கி, அம்பு பட்டு, இனி கடைசி விருத்தம்தான் என்கிற இடத்தில் மணி அடித்தது. பிள்ளைகள் எழுந்து பின்பக்கத்துப் புழுதியைத் தட்டிவிட்டுக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்கள். வேனில் திரும்பும்போது வாத்தியார் ரொம்ப நேரம் பேசவில்லை. பாலத்தைத் தாண்டிய பிறகு சொன்னார்: “நாப்பது வருசமா கர்ணனைச் சாகடிச்சிருக்கேன் சார். இன்னிக்குத்தான் அவன் உசுரோட வீட்டுக்குப் போறான்.”

எல்லோரும் சிரித்தோம். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

பள்ளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தப்பு எங்கள் பக்கம் நிறைய இருந்தது. எங்கள் பக்கத்தில் கருமாதிக்கும் போடுகிற கதையை யாராவது ஆறாம் வகுப்புக்குக் கொண்டுபோவார்களா? தொள்ளாயிரம் பேருக்கு நடுவே ஒரு மைக்கை நட்டுவிட்டு அதை நேரடிக் கலை என்று சொன்னால், அதற்குப் பதில் டிவியிலேயே போட்டுக் காட்டலாம், முகமாவது தெரியும். இன்னொன்று, அந்த ஜமா முந்தின ராத்திரி செஞ்சிப் பக்கம் ஒரு கோயிலில் விடிய விடிய ஆடிவிட்டு நேராக எங்களிடம் வந்திருந்தது. குரல் கட்டியிருந்தது, கண் சிவந்திருந்தது. தேதி குறிக்கும்போது அதைக் கேட்க வேண்டும் என்றுகூட எங்களுக்குத் தோன்றவில்லை.

அப்புறம் இந்த ‘மெசேஜ்’ விவகாரம். பள்ளிக்கூடத்துக்குள் ஒரு கலைஞர் காலெடுத்து வைத்தாலே கையில் ஒரு மெசேஜ் இருக்க வேண்டும் என்பது எப்போது விதியானது என்று தெரியவில்லை. டெங்கு, பிளாஸ்டிக், கைகழுவுதல், செல்போன். நான் விழிப்புணர்வு நாடகத்துக்கு எதிரி இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது எங்கள் தெருமுனையில் டேப் என்கிற தோல்வாத்தியத்தை அடித்துப் பாடி நாடகம் போட்டார்கள், கைநாட்டாக இருந்த என் அத்தை அதைப் பார்த்துவிட்டுத்தான் சிலேட்டு வாங்கினார். அந்த நாடகத்துக்கு அது வேலை, அதைச் செய்தது. ஆனால் கர்ணனுக்கு அந்த வேலையைக் கொடுத்தால் கர்ணனும் கெட்டான், பிளாஸ்டிக்கும் ஒழியாது. பிள்ளைகளுக்கு இது உடனே தெரிந்துவிடும். நாலாம் வகுப்புப் பையனுக்குப் பாடம் எது, ஆட்டம் எது என்று வாசனையிலேயே தெரியும்.

புதுச்சேரியில் வேலு சரவணன் பல வருடங்களாகக் குழந்தைகளுக்கு நாடகம் போட்டு வருகிறார், ஆழி என்பது அவர் குழு. அவர் ஆடுவதை ஒரு முறை பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். பிள்ளைகள் அங்கே ‘பார்வையாளர்’ இல்லை, கத்துகிறார்கள், எழுந்து ஓடுகிறார்கள், நாடகத்துக்குள்ளேயே போய்விடுகிறார்கள், அதை யாரும் அதட்டுவதில்லை. பள்ளிகளில் நமக்கு முதலில் வருவது அதட்டல்தான். வாயில் விரலை வைத்துக்கொண்டு கைகட்டி உட்கார்ந்து கூத்துப் பார்ப்பதா? கோயிலில் கூத்துப் பார்க்கும்போது நாங்கள் எப்போது கைகட்டியிருந்தோம்?

குழந்தைகளால் நீளமாகப் பார்க்க முடியாது, அரைமணிக்கு மேல் உட்கார மாட்டார்கள் என்பதும் எல்லோரும் சொல்கிற ஒன்று. அதே புதுச்சேரியில் கருவடிக்குப்பத்தில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இருக்கிறது, 1922-ல் புதுச்சேரியில்தான் இறந்தார். அவர் 1918-ல் மதுரையில் தொடங்கிய பாலசபா என்ற சிறுவர் நாடகக் குழுவில் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் கட்டியவர்கள் பள்ளிக்கூட வயசுப் பையன்கள்தான். ராத்திரி நாடகத்துக்குத் தேவையான அத்தனை பாட்டும் வசனமும் அந்த வயதில் அவர்களுக்கு மனப்பாடம். அந்தக் காலத்தை நான் கொண்டாடவில்லை. அந்தப் பையன்கள் படிப்பை விட்டு, வீட்டை விட்டு, பிரம்படிக்குப் பயந்து வாழ்ந்தவர்கள், அது திரும்ப வரவே வேண்டாம். நான் சொல்வது இவ்வளவுதான்: பத்து வயதுப் பிள்ளையின் தலையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை நாம் ரொம்பக் குறைத்துக் கணக்குப் போடுகிறோம்.

சரி, இந்த வருடத்துக்கு வருகிறேன்.

தேதி பிடிப்பதே ஒரு வித்தை. பங்குனியிலிருந்து ஆடி வரை ஜமாக்களுக்குக் கோயில் சீசன், அப்போது பள்ளியில் பரீட்சை, பிறகு லீவு. ஐப்பசி, கார்த்திகை கடலூரில் மழை, எந்த நாளும் விடுமுறை அறிவிப்பு வரலாம். மிஞ்சுவது ஆடி முடிந்து மழை பிடிப்பதற்குள் கொஞ்சநாள், அல்லது பொங்கல் கழிந்த பிறகு. நாங்கள் தையைப் பிடித்தோம். முந்தின ராத்திரி வேறு கூத்து இல்லை என்று வாத்தியாரிடம் சத்தியம் வாங்காத குறை. ஊர், நெல்லிக்குப்பம் தாண்டி உள்ளே போகிற சாலையில் ஒரு அரசு நடுநிலைப்பள்ளி. எட்டாவது வரை நூற்று நாற்பது பிள்ளைகள். சாலையில் கரும்பு லோடு டிராக்டர் போனால் பெரிய பையன்கள் எல்லோர் தலையும் ஒரே திசையில் திரும்பும், அப்படிப்பட்ட பள்ளி.

தலைமையாசிரியை எங்களை உட்கார வைத்து, டீ சொல்லி, பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டார். “இதுல பிள்ளைங்களுக்கு என்ன மெசேஜ் சார்?”

பகாசுரன் கதை என்று முடிவு செய்திருந்தோம். எனக்கு வாயில் வந்தது: “பீமன் நிறையச் சாப்பிடுவான் மேடம்.”

ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, “எங்க பிள்ளைங்களுக்குப் பிடிக்கும்” என்றார். அனுமதி, கடிதம், பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுவது எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார், அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாத்தியாருக்கும் எங்களுக்கும் இழுபறி. வேஷம் கட்டுவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்றோம். அவருக்கு மனசே இல்லை. “வேசம் கட்டறதப் பாத்துட்டா அப்புறம் ராஜா எங்க சார் வருவான்? சின்னச்சாமி மூஞ்சில சாயம் பூசிக்கிட்டு வர்றான்னுதான் நினைக்கும்” என்றார். நியாயமான பேச்சுதான். (சின்னச்சாமி என்பது அவர் வாய்க்கு வந்த பெயர், ஜமாவில் அப்படி யாரும் இல்லை.) வகுப்பறையைப் பூட்டிக்கொண்டு உள்ளே கட்டலாம் என்றார். கடைசியில் அவர் மனசை மாற்றியது எங்கள் வாதம் இல்லை. வகுப்பறையில் ஃபேன் ஓடவில்லை. தூங்குமூஞ்சி மரத்தடியில் பாயை விரித்தார்கள்.

இரண்டு மணி நேரம். நான் பார்த்த கூத்துகளிலேயே இவ்வளவு கிட்டத்தில் வேஷம் கட்டுவதைப் பார்த்ததில்லை, இத்தனைக்கும் ஐம்பது வயதாகிறது. பகாசுரன் வேஷம் கட்டப் போகிறவர் முப்பது வயதுக்காரர், வரும்போது டிஷர்ட்டும் லுங்கியும் போட்டிருந்தார், ஒன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி கொண்டுவந்து கொடுத்த டீயைக் குடித்துவிட்டு டம்ளரை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். கையகலக் கண்ணாடியை இடதுகையில் பிடித்துக்கொண்டார். முத்துவெள்ளையைத் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்து ஒரு பூச்சு. அதன்மேல் சிவப்பு. கண்ணைச் சுற்றி மை, புருவம் நெற்றிக்கு ஏறி, மீசை காது வரைக்கும் போனது. பிறகு ஈர்க்குச்சியை வெள்ளையில் தொட்டு, கன்னத்தில் ஒவ்வொரு புள்ளியாக வைக்க ஆரம்பித்தார். அந்த நேரத்தில் சுற்றி நின்ற நாற்பது ஐம்பது பிள்ளைகளில் ஒருவர் வாயும் திறக்கவில்லை. யாரும் அதட்டவில்லை. ஒரு பையன் மட்டும் மெதுவாக எண்ணிக்கொண்டிருந்தான், முப்பத்தேழு என்று அவன் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது.

கிரீடத்தையும் தோளில் கட்டுகிற புஜக்கட்டையையும் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தபோது தொடலாமா என்று கேட்டார்கள். தொடக்கூடாது என்றுதான் வழக்கம், சூடம் காட்டிவிட்டுத்தான் தலையில் ஏற்றுவார்கள். முகவீணைக்காரர் ஒரு பழைய, உடைந்த புஜக்கட்டையை எடுத்துக் கொடுத்து, இதைத் தொடு என்றார். எட்டாம் வகுப்புப் பெண் அதை வாங்கியதும் “ஐயே, வெயிட்டே இல்ல” என்றாள். கல்யாண முருங்கைக் கட்டை அப்படித்தான், காய்ந்துவிட்டால் தக்கை மாதிரி. கனமான மரத்தில் செய்தால் ராத்திரி முழுக்க யாரால் சுமந்து ஆட முடியும்? மேலே ஒட்டியிருக்கிற கண்ணாடிச் சில்லு ஒவ்வொன்றிலும் தன் மூஞ்சி தெரிகிறதா என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இடுப்பில் பழைய புடவைகளைச் சுற்றிச் சுற்றிக் கட்டி, அதன்மேல் பாவாடை விரிந்து நின்றதும், டிஷர்ட் போட்ட அண்ணன் காணாமல் போய் ஒன்றரை ஆள் அகலத்துக்கு வேறு ஒருத்தர் நின்றார்.

மைக் கிடையாது. பிள்ளைகளை மூன்று பக்கமும் வளைத்து உட்கார வைத்தோம், பொடிசுகள் முன்னால். புழுதி பறக்காமல் இருக்கத் தண்ணீர் தெளித்தார்கள். இரண்டு பேர் திரையைப் பிடித்தார்கள், வேறொன்றும் இல்லை, பழைய பூப்போட்ட புடவை. அதற்குப் பின்னால் நின்று பகாசுரன் பாட ஆரம்பித்தான், பின்பாட்டு சேர்ந்தது, மிருதங்கம் ஏறியது. திரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளியில் சலங்கை கட்டிய கால் மட்டும் தெரியும். முன்வரிசை முழுக்கத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டது, அந்தக் காலைப் பார்க்க.

திரை விலகியது. கிறிக்கி அடித்துக்கொண்டே வந்தான், அதாவது தட்டாமாலை சுற்றுவதுபோலச் சுழன்றுகொண்டே. முன்வரிசை மொத்தமும் எழுந்து பின்னால் ஓடியது. அதில் முதலில் ஓடியவள் டீ கொண்டுவந்து கொடுத்த அதே பெண். டீச்சர் மடியில் ஏறிக்கொண்டு அலறினாள். டீச்சர், “அந்த அண்ணன்தான்டி, நீதானே டீ குடுத்த” என்றார். “தெரியும் டீச்சர்” என்று சொல்லிவிட்டு மறுபடி அலறினாள்.

நான் வாத்தியாரைப் பார்த்தேன். அவர் ஆர்மோனியத்திலிருந்து கையை எடுக்காமல் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

எனக்கு இன்னும் வியப்புதான். புள்ளி வைத்ததை எண்ணியவர்கள், புடவை சுற்றியதைப் பார்த்தவர்கள், உள்ளே இருப்பது யார் என்று தெரிந்தவர்கள், அத்தனையும் தெரிந்துகொண்டே பயந்தார்கள், பயந்துகொண்டே சிரித்தார்கள். பெரியவர்களான நாமோ, குழந்தைகளுக்கு எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம், எதைச் சுருக்கலாம் என்று உட்கார்ந்து திட்டம் போடுகிறோம்.

ஒன்றரை மணி நேரத்துக்குத் திட்டமிட்டது, வேஷம் தாமதமாகிப் பன்னிரண்டரையைத் தொட்டுவிட்டது. பீமன் வண்டிச் சோற்றோடு வருகிற இடம் சரியாகச் சத்துணவு நேரத்தில் வந்து விழுந்தது. சமையல் கொட்டகையிலிருந்து சாம்பார் தாளிக்கிற வாசம் வருகிறது. ஒரு பெஞ்சுதான் வண்டி, எட்டாவது படிக்கிற இரண்டு பையன்கள் மாடு. வண்டியில் என்ன வைப்பது? சத்துணவு அம்மா ஒரு அண்டாவைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தன் அண்டாவுக்கு என்ன கதி ஆகிறது என்று பார்க்க அங்கேயே நின்றுவிட்டார். பீமன் அந்தக் காலி அண்டாவுக்குள் கையை விட்டு உருட்டி உருட்டி ஒவ்வொரு கவளமாகத் தின்ன ஆரம்பித்தான். இடையிடையே விரலை நக்கினான், ஒரு மிளகாயைக் கடித்துவிட்டு உஸ் உஸ் என்றான், அண்டாவைச் சாய்த்து ரசத்தைக் குடித்தான். பசியோடு இருக்கிற நூற்று நாற்பது பிள்ளைகள் அந்த வெறும் கையையே பார்த்து எச்சில் விழுங்கினார்கள். கட்டியங்காரன் அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டுச் சமையல் அம்மா பக்கம் திரும்பி, “ஆயா, எல்லாம் சரி, முட்டை எங்க?” என்றார். அப்போது எழுந்த சத்தத்தில் சாலையில் போன டிராக்டர்காரர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் சின்ன வயதில் கோயில் கூத்து ஊர்த்தெருவில் நடக்கும். காலனியிலிருந்து வந்தவர்கள் தள்ளி, வெளிச்சம் தீர்ந்து இருட்டுத் தொடங்குகிற இடத்தில் நின்று பார்ப்பார்கள். யாரும் போ என்று சொன்னதாக நினைவில்லை, சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் எல்லோருக்கும் அவரவர் இடம் தெரிந்திருந்தது. நானும் அதைக் கவனித்ததில்லை, கோணிப்பையில் முன்னால் படுத்திருந்தவன் எதைக் கவனிப்பான். அன்று அந்தப் பள்ளியில் வளைத்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் யார் எந்தத் தெரு என்று எனக்குத் தெரியவில்லை. கூத்தைக் கோயிலிலிருந்து எடுத்துப் பள்ளிக்குக் கொண்டுவந்தால் அதன் உயிர் போய்விடும் என்று என்னிடம் சண்டை போட்ட நண்பர் ஒருவர் உண்டு. போனது என்ன, வந்தது என்ன என்று அவரோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. “குழந்தைங்களுக்குத்தானே, குறைச்சுக்கச் சொல்லுங்க” என்று எங்களிடம் சொல்லாதவர்கள் இல்லை. ஒன்பது பேர், ஒரு வேன், பெட்டிகள், அரை நாள் உழைப்பு. குழந்தைகளுக்கு ஆடும்போது மிருதங்கம் பாதி விலைக்கு அடிக்குமா? கேட்ட தொகையைக் கொடுத்தோம், வெற்றிலை பாக்கில் வைத்து, பிள்ளைகள் பார்க்கக் கொடுத்தோம். இது ஒரு வேலை, இதற்குச் சம்பளம் உண்டு என்பது அவர்களுக்குத் தெரியட்டும் என்று தலைமையாசிரியைதான் அப்படிச் செய்யச் சொன்னார், எங்களுக்குத் தோன்றவில்லை.

பகாசுரன் செத்தான். இந்த முறை நிதானமாக, இரண்டு விருத்தம் முழுசாகப் பாடி, மூன்று தடவை விழுந்து எழுந்து செத்தான். சாப்பாட்டு மணியை யாரும் அடிக்கவில்லை, அடிக்க வேண்டியவர் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்ட பிறகு பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். குந்தி வேஷம் கட்டியவரிடம், “அண்ணா, நீங்க ஏன் பொம்பளை வேஷம் போடறீங்க, பொம்பளைங்களே போடக்கூடாதா?” என்று ஒரு பெண் கேட்டாள். அவர் கொஞ்சம் திணறி, எங்க ஊர்ல பொண்ணுங்களை அனுப்ப மாட்டாங்கம்மா என்றார். வாத்தியார் குறுக்கே வந்து, காஞ்சிபுரத்துப் பக்கம் கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபால் 2002-ல் தொடங்கிய குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் கட்டைக்கூத்துப் படித்து ராஜா வேஷமே கட்டினார்கள் என்று சொன்னார். “நான் பகாசுரன் கட்டலாமா?” என்றாள் அவள். கட்டலாம், முதலில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார முடியுமா என்று கேட்டார். அவள் உடனே உட்கார்ந்து காட்டினாள்.

கடைசிக் கேள்வி, புள்ளியை எண்ணிய அந்தப் பையனுடையது. “அப்புறம் பீமன் எங்க போனான்?”

“பாஞ்சாலி கல்யாணத்துக்குப் போனான். அண்ணன் தம்பி அஞ்சு பேரும் போனாங்க.”

“அதை எப்பப் போடுவீங்க?”

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் நண்பர்களைப் பார்த்தேன், அவர்கள் மரத்தைப் பார்த்தார்கள்.

அடுத்த தைக்கு வெற்றிலை பாக்கு வைத்தாகிவிட்டது. வேன் வாடகைதான் இன்னும் சேரவில்லை. போன வாரம் அந்தப் பக்கம் போனபோது பள்ளிக்குள் எட்டிப் பார்த்தேன். அண்டாவின் விளிம்பில் பீமன் கை பட்ட இடத்தில் சிவப்புச் சாயம் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை என்று சத்துணவு அம்மா திட்டினார்.